குமரி மாவட்டத்து வீடுகளுக்கான சுற்றுச்சூழல் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே அதிக தூரம் கிடையாது. திற்பரப்பில் விழுகிற தண்ணீர் குழித்துறை வழியாகப் போய்த் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேர்கிறது. நாகர்கோவில் ஓடைகளில் விழுவதெல்லாம் பழையாற்றோடு மணக்குடிக்குப் போகிறது. அதனால் நாம் மதிலுக்கு வெளியே தூக்கிப் போடுகிற எதுவும் எங்கேயோ தொலைந்து போவதில்லை. நாம் குளிக்கிற குளத்துக்கும், நமக்கு மீன் தருகிற கடலுக்கும்தான் போய்ச் சேர்கிறது. வீட்டை விட்டு வெளியே போகிற கழிவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கீழே உள்ள பதில்களின் அடிப்படை. அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது நிறைய இருப்பதுபோலத் தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். வீட்டிலிருந்து வெளியே போகிற குப்பையை மட்டும் பாருங்கள். காய்கறித் தோல், மீன் கழிவு, தேங்காய்த் துருவல் சக்கை, மீந்த சோறு என்று எடையில் பெரும்பகுதி அடுக்களையிலிருந்து வருவதுதான் என்பது தெரிந்துவிடும். அதை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மிச்சமுள்ள குப்பை காய்ந்ததாக, நாற்றமில்லாததாக இருக்கும். அதைப் பிரிப்பதும் எளிது. எனவே முதல் வேலை உரத்தொட்டி. துணிப்பையும் எல்.இ.டி. பல்பும் அப்புறம் வரட்டும்.

இங்கே இரண்டு பருவமும் மழை கொட்டுகிறது. உரத்தொட்டி ஊறி நாறிப் போகாதா?

நாறும், ஈரம் மிஞ்சினால் கட்டாயம் நாறும். மற்ற ஊர்களுக்கு எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றிய பலரும் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையோடு கைவிட்டுவிடுவது இதனால்தான். நானும் முதல் வருடம் அப்படித்தான் கைவிட்டேன்.

மட்குவதற்கு இரண்டு வகைப் பொருள் வேண்டும். ஒன்று பச்சையும் ஈரமுமானது: காய்த்தோல், சோறு, டீத்தூள், வாடிய பூ. இன்னொன்று காய்ந்தது: சருகு, தென்னை நார்க்கழிவு, மரத்தூள், கிழித்த செய்தித்தாள். காய்ந்த பொருள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நடுவில் காற்றுக்கு இடம் விடுகிறது. காற்று இருந்தால் நல்ல நுண்ணுயிர்கள் வேலை செய்யும், மண் வாசனை வரும். காற்று இல்லாவிட்டால் அழுகல் வாடைதான். ஒரு பங்கு அடுக்களைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம்.

சிக்கல் என்னவென்றால், மழை வரும்போது உலர்ந்த சருகு கிடைக்காது. அதை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தோட்டமெல்லாம் சருகாகக் கிடக்கும். நாலு சாக்கு வாரிக் கட்டி விறகுப்புரையில் வைத்தால் ஆண்டு முழுவதும் வரும். அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் மாவிலை, பலா இலை, நார் ஆலைகளில் கிடைக்கிற நார்த்தூள் எதுவானாலும் போதும்.

தொட்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். சாரல் அடிக்காத சன்ஷேடுக்குக் கீழே இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். அடியில் நாலு விரல் உயரம் சருகு, அதன்மேல் ஒரு கைப்பிடி சாணம் அல்லது புளித்த மோர். தினமும் கழிவைப் போட்டவுடன் சருகால் மூட வேண்டும், கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கம்பால் கிளறுங்கள். ஒரு வாளி நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் முதல் வாளி உரமாகியிருக்கும்.

நாறினால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வெளிர் நிறத்தில் தடித்த புழு நெளிவதைப் பார்த்து பயந்து கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் படைவீரன் ஈயின் புழுதான். அது வீட்டு ஈ அல்ல, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். கோழி வளர்த்தால் அவற்றுக்கு அது விருந்து.

மீன் கழிவை என்ன செய்வது? வாளியில் போட்டால் பூனை வருகிறது.

வாளியில் போட வேண்டாம். சாளையோ நெத்திலியோ வாங்காத நாள் நம் வீடுகளில் குறைவு என்பதால் இதற்குத் தனி வழி வேண்டும். தென்னை மூட்டிலிருந்து மூன்று, நாலு அடி தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுங்கள். தலை, செதில், குடல் எல்லாவற்றையும் போட்டு, மேலே சாம்பலும் மண்ணும் தள்ளி மிதித்துவிடுங்கள். நாய் தோண்டாமலிருக்க மேலே ஒரு கல் வைக்கலாம். அடுத்த நாள் அதன் பக்கத்தில் இன்னொரு குழி. இப்படி மரத்தைச் சுற்றி வந்துவிடலாம். மீன் கழுவின தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும், நம் பாட்டிமார் செய்ததும் அதுதான்.

முற்றத்துச் சருகைக் கூட்டி எரிக்கிறோம். இலைதானே, அதில் என்ன தப்பு?

வெறும் இலையென்றாலும் அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதி. குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் முதலில் தெரியும். ஆனால் வெறும் இலை மட்டும் எரிவதே இல்லை. மிட்டாய்த் தாள், பால் கவர், செருப்புத் துண்டு என்று ஏதாவது கூடவே போய்விடுகிறது. பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் திறந்த வெளியில் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது சாம்பலோடு மண்ணில் படிந்து, புல் வழியாகப் பசுவுக்கும் பாலுக்கும் போகும். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

அப்புறம் இன்னொன்று. மேலே சொன்ன உரத்தொட்டிக்கு வேண்டிய சருகைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

தென்னையிலிருந்து வருவது மலைபோலக் குவிகிறதே?

தென்னையில் கழிவு என்று எதுவும் கிடையாது. ஓலையில் ஈர்க்கு சீவினால் வாரியல். கொதும்பும் சிரட்டையும் அடுப்புக்கு. கதம்பையை, அதாவது தேங்காய் உரிமட்டையை, நார் ஆலைக்குக் கொடுக்கலாம், ஆனால் உங்கள் தென்னைக்கே கொடுப்பது இன்னும் நல்லது. தடத்தில் குழி எடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மண் போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீரை அது பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருடம் வரை பலன் இருக்கும். மண் போட்டு மூடாமல் மட்டும் விடாதீர்கள், குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு வந்துவிடும்.

பிளாஸ்டிக் பை தடையில் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கிறதே?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலையில் வந்தது. ஆனாலும் மீன் வாங்கப் போகும்போது கையில் பாத்திரம் இல்லையென்றால் கவர்தான் வரும். சட்டத்தால் மட்டும் தீராத இடம் அது. மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கும் இரண்டு துணிப்பையும் எப்போதும் வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் மாட்டி வைத்தால் மறந்துவிடும், எனக்கு மறந்திருக்கிறது. காய்கறிச் சந்தைக்குப் பனையோலைக் கடவம் கிடைத்தால் வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் உழைக்கும், முடைகிறவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

பால் கவரைப் பற்றிச் சின்ன விஷயம் ஒன்று. மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். பாதி வெட்டித் தொங்க விடுங்கள். துண்டான அந்தச் சின்ன மூலை எவர் கையிலும் சிக்காமல் ஓடைக்குத்தான் போகும். கவரைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பொருள் வாங்குகிற ஆக்கர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் ஒட்டிய கவரை, கழுவாத பாட்டிலை எவரும் மறுசுழற்சிக்கு விரும்ப மாட்டார்கள். நாம் கழுவ எடுத்துக்கொள்கிற அரை நிமிடம்தான் அது மறுபடியும் பொருளாகுமா, குப்பைமேட்டில் கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கல்யாண வீட்டில் பேப்பர் கப் வைக்கிறோம். அது பேப்பர்தானே?

உள்ளே தண்ணீர் ஊறாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கின்றன. நம் விருந்துக்கு வாழையிலை போதும். பருப்பு, அவியல், புளிசேரி, கடைசியில் போளியும் பாயசமும் என்று அத்தனையும் அந்த ஒரு இலையில் அடங்கிவிடும். சாப்பிட்டு முடித்தால் இலை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகும். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள், கழுவ இரண்டு பேரை வையுங்கள். ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில் என்ற வழக்கம் இப்போது வந்து ஒட்டிக்கொண்டது. பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் மழைநீரைச் சேமிக்க வேண்டுமா?

வேண்டும். பெய்கிற வேகத்திலேயே ஓடிக் கடலுக்குப் போய்விடுகிறது. பங்குனி, சித்திரையில் கிணறு அடி காண்கிறது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் அதில் விழுகிறது. ஆவியாவது, சிந்துவது போக 750 லிட்டராவது கிடைக்கும். ஒரு சின்ன வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவு, ஒரே சாயங்கால மழையில்.

2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கும், குழி அடைத்துப் போயிருக்கும். இடவப்பாதிக்கு முன்னால் ஒருமுறை ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள். ஓட்டு வீடானால் இறவாரத்தில் தகரப் பாத்தி ஒன்று கட்டினால் போதும்.

கடலோர வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிவரை உப்பைத் தள்ளிவைக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் கணக்கு. மோட்டார் போட்டு மேலே உள்ளதை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். மழையை உள்ளே விட்டால் உப்பு இறங்கும்.

குளத்தில் துணி துவைப்பது காலங்காலமாக நடப்பதுதானே?

காலங்காலமாக நடந்தது வேறு சோப்பில், குறைந்த அளவில். இப்போது பொடியும் திரவமும் கலக்கின்றன. அவற்றில் பாஸ்பேட் இருந்தால் அது செடிக்கு உரம் போட்டதுபோல. சாக்கடையும் சேரும்போது ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிடும், அடியில் மீனுக்கு மூச்சு கிடைக்காது. சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகிற தண்ணீர் அது.

குளத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வாளியில் மொண்டு கரைமேலே வைத்துத் துவையுங்கள், சோப்புத் தண்ணீரைத் தோப்புப் பக்கம் ஊற்றுங்கள். வீட்டிலும் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போகிறபடி ஒரு வாய்க்கால் வெட்டிவிடலாம். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரை மட்டும் அதில் விட வேண்டாம்.

முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றுகிறது, கோதையாற்றில் நீர்மின் நிலையம் இருக்கிறது. நாம் ஏன் கரண்டை மிச்சப்படுத்த வேண்டும்?

அந்த மின்சாரம் நமக்கென்று தனியாக வருவதில்லை, பொதுவான வலையமைப்பில் கலக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில், அதுவும் எல்லோரும் விளக்கும் விசிறியும் போடுகிற அந்தி நேரத்தில், தேவையை நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரிதான். இந்தியாவின் மின்வலையில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது விசிறி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நாளெல்லாம் சுற்றும். பழைய விசிறி 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதப் பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் குறையும். ஏ.சி. இருந்தால் 24 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம். தொட்டி நிரம்பி வழிகிற வரை மோட்டாரை ஓட விடுவது கரண்டும் தண்ணீரும் சேர்ந்து வீணாகிற காரியம். மிதவை சுவிட்சுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

மாடியில் சோலார் போடலாமா?

தென்னை நிழல் விழாத மாடியானால் போடலாம். ஒரு பலகையில் ஓலை நிழல் விழுந்தாலே, அதோடு வரிசையாக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். அதனால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். 1 கிலோவாட் வெயில் நாளில் 4 யூனிட் அளவு தரும். 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் வைத்தார்கள். சோலாருக்காகக் காய்க்கிற தென்னையை வெட்டுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

சமையல் கேஸ் சீக்கிரம் தீர்கிறதே?

நம் சம்பா அரிசி வேக நேரமெடுக்கும். இரவே ஊறவைத்தால் நேரம் நன்றாகக் குறையும். இன்னும் நல்லது தெர்மல் குக்கர். ஒரு கொதி வந்ததும் பானையை அதற்குள் இறக்கி மூடிவிட்டால் அடுப்பில்லாமல் தானாக வெந்துவிடும். மாடு வளர்க்கிற வீடானால் சாண எரிவாயுக் கலம் வைக்கலாம். 25 கிலோ சாணத்தில் ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு கிடைக்கும், அது அரைக் கிலோ கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. மீந்த சோறு பழஞ்சியாகட்டும்.

நாப்கின், டயப்பரை எங்கே போடுவது?

இதற்கு முழுத் தீர்வு என்று ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக். கழிப்பறையில் போட்டால் அடைக்கும், ஓடையில் போட்டால் ஆற்றில் மிதக்கும். காகிதத்தில் சுற்றி, சிவப்பு மையில் அடையாளம் போட்டு, தனியாகக் குப்பை எடுப்பவரிடம் கொடுங்கள். அவரும் கையால்தான் பிரிக்கிறார். வீட்டுப் பெண்களுக்குச் சரிப்பட்டால் துணி நாப்கினோ மாதவிடாய்க் கப்போ நல்ல மாற்று. ஒரு கப் பல ஆண்டு வரும். குழந்தைக்குப் பகலில் துணி, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் என்று வைத்தாலே எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

தண்ணீர் சேமித்தால், செடி வளர்த்தால் கொசு வருகிறதே?

டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தெளிந்த தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய தண்ணீரையெல்லாம் கவிழ்த்துவிட்டால் அதன் வாழ்க்கைச் சுற்று அறுந்துவிடும். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பழைய டயர். ரப்பர் இருக்கிற வீட்டார் மழையில் வெட்டு நிறுத்தும்போது பால் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு ஏக்கரில் நூற்றுக்கும் மேல் மரம், அத்தனைக்கும் ஒரு சிரட்டை என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் நாகர்கோவிலில் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தென்னையும் இல்லை, முற்றமும் இல்லை. இதில் எது எங்களுக்கு?

இரண்டு வாளி உரத்தொட்டி பால்கனியிலேயே நிற்கும். சருகுக்குப் பதில் நார்த்தூள் கட்டி வாங்கி உதிர்த்துப் போடுங்கள். மீன் கழிவு மட்டும் உங்களுக்குச் சிரமம். சந்தையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து தூக்கில் வாங்கி வந்துவிடுங்கள். உரம் வந்த பிறகு அதை எங்கே போடுவது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் மாடியில் குடியிருக்கும் ஒரு அக்கா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாளியைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுவந்து தென்னை மூட்டில் கொட்டிவிட்டுப் போவார். கீழ் வீட்டுக்காரர் அந்த வாளியைக் கழுவி, அதற்குள் இரண்டு தேங்காயும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் வைத்துத் திருப்பி அனுப்புவார்.